வீடு வெல்லும் விளையாட்டு

பழைய கசெற் ஒன்றைத் திறந்து மூக்கருகே பிடித்தால் துருவும் மெழுகும் கலந்ததுபோல ஒரு மணம் வரும். உனக்கு அது தெரியும். நீதான் முதலில் மணந்து பார்த்துவிட்டு, "டேய், இதுதான் கொம்பியூட்டரின்ரை மணம்" என்று என்னிடம் நீட்டினாய். அந்த மணத்துக்கும் கணினிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். கணினி திருத்தித்தான் வயிறு வளர்க்கிறேன். ஆனாலும் போன கிழமை கடை மேசையில் எங்கள் பழைய கசெற்றைக் கழற்றி வைத்து, நாடாவில் படிந்திருந்த பூஞ்சணத்தைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தபோது, வேலையை விட்டுவிட்டு மணந்து பார்த்தேன். பார்த்துக்கொண்டு நின்ற ஒருவர் தன் மடிக்கணினியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்னை விசரன் என்று நினைத்திருப்பார்.

இதைத் தொடக்கிவைத்தவர் உன் அம்மா. கைபேசியில் சத்தம் கேட்கவில்லை என்று திருத்தக் கொண்டுவந்தார். வட்டுக்கோட்டையிலிருந்து இந்த வெயிலில் பஸ் ஏறி வந்திருக்கிறார். கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, வீட்டுத் திறப்பை எங்கேயோ வைத்து மறந்தவர் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்:

"தம்பி, அவன்ரை முகம் படத்திலை கிடக்கு. குரல் போயிட்டுது. எவ்வளவு யோசிச்சாலும் வருகுதில்லை. அவன் என்னை அம்மா எண்டு கூப்பிடுற சத்தம் எனக்கு மறந்து போச்சு."

உன் படத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலிலும் மழையிலும் தெருவோரத்தில் பிள்ளையைத் தொலைத்த மற்றத் தாய்மாருடன் இருந்தவர் அவர். வந்தவன் போனவன் எல்லோருக்கும் உன்னைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே உன் குரலைத் தேய்த்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"உன்னட்டை ஏதும் கிடக்கோ? நீங்கள் ரெண்டு பேரும் எந்த நேரமும் உந்த ரேப் றெக்கோடரோடைதானே இருந்தனீங்கள்."

"கிடக்கு மாமி" என்றேன். யோசிக்கவே இல்லை. உன் குரல் என் வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் இத்தனை காலமும் இருந்தேன்.

உன் அப்பா கப்பல் வேலையால் வந்திறங்கியபோது, மற்ற அப்பாமார் கொண்டுவருகிற சேலையையும் சென்ற் போத்தலையும் உன் வீட்டிலும் எதிர்பார்த்தார்கள். அவர் கொண்டுவந்தது கறுப்பாக, ஒரு கொப்பியளவில், மெத்தென்ற ரப்பர் கட்டைகள் வைத்த ஒரு பொருள். ரிவியில் பொருத்தினால் எழுத்து வரும். "உது கணக்குப் பாக்கிறதோ?" என்று என் அம்மா வந்து பார்த்துவிட்டுக் கேட்டார். "இல்லை அன்ரி, நாங்கள் சொல்லுறதைக் கேக்கும்" என்றாய் நீ. அப்படியென்றால் உங்களைவிட நல்ல பிள்ளைதான் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அது சொன்னதைக் கேட்டது. சொல்வதற்குத்தான் எங்கள் உயிர் போனது. உன் அப்பா கூடவே கொண்டுவந்த ஆங்கிலச் சஞ்சிகைகளில் விளையாட்டுகளை வரி வரியாக அச்சடித்திருந்தார்கள். அதை எழுத்துப் பிசகாமல் தட்டவேண்டும். உன் விரலுக்குப் பொறுமை இல்லை, எனக்கு ஆங்கிலம் ஓடாது. அதனால் நீ வாசிப்பாய், நான் தட்டுவேன். ஒரு காற்புள்ளியை விட்டாலும் எல்லாம் பாழ். எல்லாம் சரியாகத் தட்டி முடிகிற நேரம் பார்த்துக் கரண்ட் போகும், தட்டியது எல்லாம் அழியும். நீ சஞ்சிகையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நிலத்தில் மல்லாந்து படுத்துவிடுவாய். "இண்டைக்கு நான் சாகப்போறன், என்னை எழுப்பாதை" என்பாய். கரண்ட் வந்ததும் முதல் ஆளாக எழும்புவதும் நீதான்.

தட்டியதைக் கணினி சத்தமாக மாற்றித் தரும், அந்தச் சத்தத்தைத் திரும்பப் போட்டால் விளையாட்டு வரும். அதைப் பதிந்து வைக்கக் கசெற் வேண்டும். கடையில் புதிதாக வாங்க எங்களுக்கு யார் தருவார்கள்? என் வீட்டுச் சாமியறையில் என் அம்மாவின் முருகன் பாட்டுக் கசெற் ஒன்று இருந்தது. "முருகன் கோவிக்கமாட்டார், அவரும் சின்னப் பெடியன்தானே" என்று நீ தீர்ப்புச் சொன்னாய். மேல் விளிம்பில் இருக்கும் ஓட்டையைக் கடதாசி திணித்து அடைத்தால் எந்தப் பாட்டின் மேலும் பதியலாம் என்பதை எப்படியோ கண்டுபிடித்திருந்தாய். முதலில் வயரைக் கழற்றிவிட்டு, இது இன்ன விளையாட்டு என்று வாயால் சொல்லிப் பதிவோம். பிறகு வயரைச் செருகிக் கணினியின் சத்தத்தைப் பதிவோம். கீ என்று தொடங்கி, தகரத்தில் மழை கொட்டுவதுபோல இரைந்து, நெஞ்சைப் பிறாண்டிக்கொண்டு நிமிடக்கணக்காகப் போகும் அந்தச் சத்தம். உங்கள் ரேப் றெக்கோடரில் வயரைச் செருகினாலும் ஸ்பீக்கர் வாயை மூடாது. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தச் சத்தம் ஓடும்போது வீட்டில் ஒருவரும் பேசக்கூடாது என்று ஒரு சட்டம் வைத்தோமே, ஞாபகமிருக்கிறதா? பேசினால் பேச்சும் உள்ளே போய் விளையாட்டுக் கெட்டுவிடும் என்று நம்பினோம். உன் அம்மா குசினியில் சட்டி பானை தட்டாமல் சமைத்தார். என் அம்மா வந்தால் வாசலில் சைகை காட்டி நிறுத்துவாய். வயருக்குள்ளால் போகும் சத்தத்தைக் குசினிப் பேச்சு ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியவந்தபோது, சொல்லிச் சிரிக்க நீ இல்லை. இரண்டு வீட்டையும் சும்மா வாய்பொத்த வைத்திருந்திருக்கிறோம்.

சஞ்சிகையிலிருந்து தட்டியவற்றில் ஒரு விமான விளையாட்டும் இருந்தது. திரையின் அடியில் கட்டடங்கள் வரிசையாக நிற்கும். மேலே ஒரு விமானம் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழப் பதிந்து வரும். குண்டு போட்டுக் கட்டடங்களை அழித்து இடம் வெளியாக்கினால்தான் அது இறங்கலாம். எங்கோ ஒரு நாட்டில் பிள்ளைகளுக்காக எழுதிய விளையாட்டு. நாங்களும் பிள்ளைகள்தான். ஆசை ஆசையாகக் குண்டு போட்டோம்.

பிறகு சந்தையடியில் உண்மையான குண்டு விழுந்தது. அந்தக் கிழமை நான் வந்தபோது நீ ரிவிக்கு முன்னால் தனியே இருந்தாய். "இனி உந்த விளையாட்டைப் போடவேண்டாம்" என்றேன். "போடுவம். மாத்திப்போட்டன்" என்றாய். ஏதோ ஒரு வரியைத் திருத்தியிருந்தாய். குண்டு விழுந்தது, கட்டடம் அப்படியே நின்றது. திரும்பத் திரும்ப விழுந்தது, நின்றது. விமானம் இறங்க இடமில்லாமல் பதிந்து பதிந்து வந்து, கடைசியில் தானே மோதிச் சிதறியது.

"அப்ப உதிலை ஆர் வெல்லுறது?" என்று கேட்டேன்.

"வீடு வெல்லும்."

அதைத்தான் முருகன் பாட்டின் மேல் பதிந்தோம். அதற்குப் பிறகு கரண்ட் ஒரேயடியாகப் போனது. கணினியை உன் அம்மா பழைய சேலையில் சுற்றி அலுமாரியில் வைத்தார். பல வருடம் அங்கேயே கிடந்தது. இராணுவம் நெருங்கி வர, ஊரே ஒன்றாக எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது அதைத் தூக்க ஒருவருக்கும் கையில்லை. கசெற் வந்தது. உறையில் முருகன் படம் இருந்ததால், சாமிச் சாமான்களுடன் என் அம்மாவே கட்டி எடுத்து வந்திருந்தார்.

மீசாலையில் ஒரு ஓலைக் கொட்டிலில் இரண்டு குடும்பமும் இருந்தோம். மார்கழி மாதம். விடியப் பாட்டுக் கேட்டால்தான் மனம் ஆறும் என்று என் அம்மா சொன்னார். நீ சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோ வயரை, நீ கையோடு கொண்டுவந்திருந்த ரேப் றெக்கோடரில் கொழுவி, கையால் பெடலைச் சுற்றினாய். எந்தக் கசெற் என்று நாங்கள் இருவரும் பார்க்கவில்லை. நாடா நடுவில் எங்கோ நின்றிருந்தது போலிருக்கிறது. கும்பிட்ட கையுடன் நின்ற என் அம்மாவின் காதுக்குள் அந்தச் சத்தம் கீறிக்கொண்டு போனது. குண்டு விமானம் என்று நினைத்து "பொம்மர்! பொம்மர்!" என்று யாரோ கத்த, பக்கத்துக் கொட்டில்களில் இருந்தவர்கள் எல்லோரும் பதுங்குகுழிக்குள் பாய்ந்தார்கள். முருகா முருகா என்றபடி என் அம்மாவும் பாய்ந்தார். நீ மட்டும் பெடலை விடாமல் சுற்றிக்கொண்டு, கண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டு நின்றாய். நீ அப்படிச் சிரித்ததை நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

ஊர் திரும்பினோம். உங்கள் வீட்டில் ஓடும் இல்லை, கதவும் இல்லை, அலுமாரியும் இல்லை. கூரைக்குக் கிடுகு கட்டி முடித்த கையோடு ஒரு காலை, யாழ்ப்பாணம் போய்விட்டு மத்தியானம் வாறன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாய். நீயும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. உன் அம்மாவும் நானும் எத்தனை முகாம் வாசல்களில் நின்றோம் என்று எண்ணி வைக்கவில்லை. எல்லா வாசலிலும் ஒரே பதில்தான்: அப்படி ஒருவர் இங்கே இல்லை. உன் அப்பா அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டே நெஞ்சு வெடித்துப் போனார். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி வந்தவர்களை உன் அம்மா படலைக்கு உள்ளே விட்டதில்லை. இந்த மடலைக் கண்டாலும் என்னை ஏசத்தான் போகிறார். இப்படி எழுதுவது செத்தவர்களுக்குத்தானே என்பார். எனக்கு உன்னோடு பேசவேண்டும், அவ்வளவுதான்.

கசெற்றைத் துடைத்துப் பொருத்தி, கடையின் காற்றாடியை நிறுத்திவிட்டு ஓடவிட்டேன். முருகன் பாட்டு ஒன்று பாதியில் அறுந்தது. ஒரு பெடியனின் குரல் வந்தது: "இது வீடு வெல்லுற விளையாட்டு. சத்தத்தை ஏழிலை வையுங்கோ. ஒருத்தரும் கதைக்கக்கூடாது." அவ்வளவுதான். பிறகு இரைச்சல். நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். தட்டியவன் நான், அப்படியென்றால் பேசியவன் நீ. அதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை. இரைச்சலை வெட்டிவிட்டுக் குரலை மட்டும் உன் அம்மாவின் கைபேசியில் போட்டுக்கொடுக்கத்தான் நினைத்தேன். பிறகு, நீ செய்ததை வெட்ட எனக்கு மனம் வரவில்லை, முழுதாகவே போட்டேன்.

கைபேசியைக் கொண்டுபோனபோது, உன் அம்மா முழுகி, திருநீறு பூசி, தூர இடத்து ஆட்கள் வருவதற்குக் காத்திருப்பவர்போல முன் விறாந்தையில் இருந்தார். உன் படத்தை மடியில் வைத்திருந்தார். நான் போட்டேன். குரல் வந்து முடிந்தது. இரைச்சல் தொடங்குமுன் நிறுத்தினேன்.

"திருப்பிப் போடு தம்பி."

போட்டேன். தலையைச் சரித்துக் கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்காகப் பரிதாபப்படுகிற பார்வை.

"உது நீயெல்லோ."

"இல்லை மாமி. நான் தட்டுறனான். அவன்தான் கதைக்கிறவன்."

"தம்பி, சின்னனிலை உனக்குத் தடிமன் விட்ட நாளே இல்லை. நீ மூக்காலைதான் கதைக்கிறனி. உது உன்ரை குரல். என்ரை பிள்ளையின்ரை இல்லை."

அந்த வயதில் தன் குரல் எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்? மறுத்துச் சொல்ல வாய் எடுத்தேன். எடுத்த வாயில் வந்த குரலும் மூக்கால்தான் வந்தது. பக்கத்தில் வைத்த கைபேசியை எடுக்கப் போனபோது விரல் பட்டு, நிறுத்திய இடத்திலிருந்து அது ஓடத் தொடங்கியது. கீ என்று அந்தச் சத்தம். அவசரமாக நிறுத்தக் கை நீட்டினேன். உன் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"விடு. ஓடட்டும்."

"மாமி, இது வெறும்..."

"உந்தச் சத்தம் எனக்குத் தெரியும். நான் குசினியிலை நிப்பன். உந்தச் சத்தம் கேக்குமட்டும் அவன் அறைக்குள்ளை நிக்கிறான் எண்டு தெரியும். வெளியிலை என்ன நடந்தாலும், பிள்ளை வீட்டிலை எண்டு நெஞ்சு ஆறியிருக்கும்." என் கையை விடாமலே மெல்லச் சொன்னார்: "கதையாதை. சத்தம் முடியட்டும்."

கண்ணை மூடி, சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். காதைக் கிழிக்கும் அந்த இரைச்சல் விறாந்தை முழுக்க நிறைந்து நின்றது. தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவ்வளவு நேரமும் உன் அம்மாவின் முகம், உள்ளே பிள்ளை இருக்கிற வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணின் முகமாகத்தான் இருந்தது. பிறகு அது நின்றது. அவர் கண்ணைத் திறந்து அறைப்பக்கம் பார்த்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

இப்போது ஒவ்வொரு நாள் பின்னேரமும் அதைப் போட்டுக் கேட்கிறாராம். அயலவர்கள் என்னிடம் வந்து முறைப்பாடு சொல்கிறார்கள்.

என் நிலைமைதான் மோசம். அன்றிலிருந்து உன் குரலைத் தேடிப் பார்க்கிறேன். நீ சொன்னதெல்லாம் ஒரு சொல் பிசகாமல் இருக்கிறது. சொன்ன இடம் இருக்கிறது, அன்று நீ போட்டிருந்த சட்டை இருக்கிறது. ஆனால் காதுக்குள் கேட்பது என் குரல். இந்த மடலில் நீ பேசியதாக எழுதிய ஒவ்வொன்றையும் கடையை மூடிவிட்டு வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் நான்தான், மூக்கால் கதைக்கிற நான். எத்தனை வருடமாக உனக்கும் சேர்த்து நானே பேசிக்கொண்டிருக்கிறேனோ தெரியவில்லை. உன் பேச்செல்லாம் என்னிடம் இருக்கிறது, மச்சான். பேசியவனைத்தான் காணவில்லை.