மடையை மறந்து மேடை ஏறினேன்

ஒத்தக்கடை
தாது வருஷம், மாசி 12

சிரஞ்சீவி சுருளிக்கு அப்பா மொக்கையன் ஆசீர்வதித்து எழுதுவது. மடைக்கருப்பு சாமி புண்ணியத்தில் நானும் உன் ஆத்தாளும் நல்ல சுகம், சிவலைப் பசு கிடேரிக் கன்று ஈன்றிருக்கிறது. ரங்கூனில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உறங்குகிறாய் என்று தெரிந்தால்தான் உன் ஆத்தாளுக்குத் தொண்டையில் சோறு இறங்கும், அதை மறக்காமல் எழுது. போன கடிதத்தில், அரிசிக் கிட்டங்கிக் கதவை நீ சாத்த மறந்து மூட்டைகள் மழையில் நனைந்ததையும், பழி உன்னோடு வேலை பார்க்கும் விருமாண்டி மேல் விழுந்து அவனை ஊருக்குக் கப்பலேற்றப் போவதையும் எழுதி, நான் என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய் அல்லவா, அந்த இடத்தை ஆத்தாளுக்கு வாசிக்காமல் தாண்டிவிட்டேன். மறுநாளே பதிலும் எழுதினேன். தபாலில் போடுவதற்குள் இங்கே ஒரு கூத்து நடந்துவிட்டது, கேள்.

நம் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் ஹெட்மாஸ்டர், நான் கண்மாய் மடையைத் திறக்குமுன் செருப்பைக் கழற்றிக் கருப்புக்குச் சூடம் காட்டுவதைக் கரை வழியே போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறார். தன் பொறுப்பைச் சாமி காரியமாகச் செய்வது எப்படி என்று பிள்ளைகளுக்கு வந்து சொல்லுங்கள் என்றார். உன் ஆத்தாள் சலவைச் சட்டையை எடுத்துத் தந்தாள், மீசையை முறுக்கவே எனக்கு அரைமணி ஆனது. மேடை ஏறி, அவனவன் கையில் இருக்கிற வேலை சாமி கொடுத்தது, தூக்கத்திலும் அதை மறக்கக் கூடாது என்று முழங்கினேன் பார், அந்த வாயோடு ஞாபகம் வந்தது. விடியற்காலம் சோணை வயலுக்குத் திறந்துவிட்ட மடையை நான் அடைக்கவே இல்லை! குதித்து ஓடினேன். என்னமோ ஏதோ என்று பிள்ளைகள் அத்தனை பேரும் பின்னால், குடையோடு ஹெட்மாஸ்டரும் பின்னால். போய்ப் பார்த்தால் வாய்க்கால் வழிந்து, அழகம்மாள் களத்தில் குவித்திருந்த நெல்லைத் தண்ணீர் சுற்றிக்கொண்டிருக்கிறது. புருஷன் இல்லாதவள், ஒண்டியாக அறுத்துச் சேர்த்த நெல். நான் சலவைச் சட்டையோடு முங்கி மடையை அடைத்து ஏறுவதற்குள், பிள்ளைகள் துண்டிலும் சட்டையிலுமாக அள்ளி மேட்டில் சேர்த்துவிட்டார்கள், அடி நெல் மட்டும் நனைந்தது. பேச்சு நடுவுலயும் உங்க கண்ணு வாய்க்கால்லயே இருந்துருக்கே அண்ணே என்று ஹெட்மாஸ்டர் மெச்சினார். எஞ் சாமி, நீ வராட்டி அம்புட்டும் போயிருக்கும் என்று அழகம்மாள் கும்பிட்டாள். நானும் ஒன்றும் சொல்லாமல் மீசையைத் தடவிக்கொண்டு வீடு வந்துவிட்டேன்.

மறுநாள் மடையில் சூடத்தை வைத்தேன், நெருப்புக்குச்சியை உரசக் கை எழவில்லை. அரிவாளோடு நிற்கிற சாமி, அவர் பார்க்கத்தானே திறந்துவிட்டு மறந்தேன். நேரே பள்ளிக்கூடம் போய், மறந்தது நான்தான் என்று பிள்ளைகள் முன்னால் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பெண்பிள்ளை மட்டும் எழுந்து, அழகம்மாகிட்டச் சொல்லிட்டீகளா தாத்தா என்றது. அங்கேயும் போனேன். அட நாசமாப் போற மனுசா, உன்னையப் போயிக் கையெடுத்துக் கும்புட்டேனே என்று தெருக்கூடும்படி வைதுவிட்டு, நனைஞ்ச நெல்லக் காயவச்சுட்டுப் போ என்றாள். இரண்டு நாள் வெயிலில் நின்று கிண்டினேன். மோர் கொடுத்தாள், பேச்சுக் கொடுக்கவில்லை. ஆனால் இன்று சூடம் கொளுத்தும்போது கை கூசவில்லை தம்பி.

உனக்கு முதலில் எழுதிய பதிலை அடுப்பில் போட்டுவிட்டேன். வாயைத் திறக்காதே, விருமாண்டி எப்படியும் பிழைத்துக்கொள்வான் என்று அதில் எழுதியிருந்தேன். பெற்ற பாசம் அப்படி எழுத வைத்தது, நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இது கிடைத்ததும் துரையிடம் போய் உள்ளதைச் சொல். வேலை போனால் விருமாண்டிக்குப் பதில் நீ கப்பலேறி வா, உன் ஆத்தாள் சந்தோஷம்தான் படுவாள். சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளி. எந்த ஊரில் இருந்தாலும் நிமிர்ந்து நடக்கும்படி கருப்பு உன்னை வைத்திருக்கட்டும். மடையில் உன் பேருக்கு ஒரு சூடம் எடுத்து வைத்திருக்கிறேன், துரையிடம் சொல்லிவிட்டேன் என்று நீ எழுதுகிற கடிதம் வந்த அன்றுதான் அதைக் கொளுத்துவேன்.

இப்படிக்கு,
உன் வரியை எதிர்பார்க்கும் அப்பன்
மொக்கையன்