வேலிக்குப் பின்னால் பாடிய வானம்பாடி

மச்சானுக்கு,

இன்று காலை நம் கிணற்றடியில் தூக்கணாங்குருவிக் கூடு ஒன்று விழுந்து கிடந்தது. எடுத்ததும் பச்சைப்புல் வாசம். உங்கள் முகத்துக்கு நேரே ஆட்டிக்காட்ட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. நீங்கள் இல்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

எத்தனை வருடச் சண்டை அது. தூக்கணாங்குருவி என் கட்சி, வானம்பாடி உங்கள் கட்சி. என் குருவிக் கூட்டில் மூன்று அறை, ஒரு மச்சு, மாமியார் வந்தால் நுழையத் தனி வாசல் என்று அளப்பேன். "உங்க குருவி சோளத்தைத் திருடித் தின்னுட்டு மாளிகை கட்டுதுங்க மாப்ள. என்னுது மாட்டுக் குளம்படிக் குழியில குடியிருந்துட்டு வானமே என் வீடுங்குது" என்பீர்கள்.

திருட்டுக் குருவிக்குத்தான் காவல் அதிகம். கிணற்றுக்கு மேல் பனையோலையில் தொங்குவதை யார் எட்டுவது? எட்டினாலும், கூட்டைக் கலைத்தால் குடும்பம் கலையும் என்று நம் சனம் கை வைக்காது. தரையில் முட்டையிடும் வானம்பாடிக்கு அப்படி ஒரு சொல்லும் இல்லை. ஊரே தன் மேய்ச்சல் கொறங்காடுகளை உடைத்துக் கடலைக்காய் போட்டபிறகு, கிளுவை வேலிக்குள் ஏர் படாமல் கிடந்த உங்கள் கொறங்காடு ஒன்றுதான் அதற்கு மிச்சம்.

நீங்கள் படுக்கையில் விழுந்தபோது, "நான் எந்திரிச்சு வர்ற வரைக்கும் கொறங்காட்டுல ஏர் பூட்டாதீங்க" என்றீர்கள். தலையாட்டினேன். மழை பெய்ததும் கடலைக்காய் ஆசை விடவில்லை, பூட்டிவிட்டேன். பாதிக் காடு உழுதபோது, ஏர்க்கொழு புரட்டிய மண்ணில் புள்ளி போட்ட முட்டை இரண்டு உடைந்து கிடந்தன. மாட்டை அவிழ்த்துவிட்டேன்.

அன்று மாலை சன்னல் பக்கம் காதை வைத்துக்கொண்டு, "ஏனுங்க மாப்ள, வானம்பாடி சத்தத்தையே காணமுங்களே?" என்றீர்கள். சூரமங்கலத்து ரயிலையே சீட்டியால் நிறுத்துவேன் என்று புளுகியவனாயிற்றே நான். மறுநாள் காலை வேலிக்குப் பின்னால் குந்தி வானம்பாடியாகச் சீட்டி அடித்தேன். மூன்று நாள் அடித்தேன். அக்காகூட நம்பிவிட்டாள்.

நாலாம் நாள் என் கையைப் பிடித்தீர்கள். "நல்லாத்தான் பாடுறீங்க மாப்ள. ஆனா அது மேல இருந்துதானுங்க பாடும்."

திட்டவில்லை. "நாளைக்கும் பாடுங்க" என்றீர்கள்.

பாடினேன். அதற்கு மறுநாள் கேட்க நீங்கள் இல்லை.

இந்த வருடம் பனையில் என் கட்சிக்கு இருபது கூடு. புளுகில்லை, எண்ணினேன். ஜெயித்துவிட்டேன் மச்சான், சொல்லிக்காட்டத்தான் ஆள் இல்லை. மிச்சப் பாதிக் காட்டில் இன்றுவரை நான் ஏர் பூட்டவில்லை. ஏன் என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால், அங்கேயிருக்கும் கறையானுக்கு யானைத் தந்தம் மாதிரி பல், கொழுவையே தின்றுவிடும் என்கிறேன். விடிந்ததும் வேலியோரம் போய் ஒரு சீட்டி அடிக்கிறேன். அப்புறம் கொஞ்ச நேரம் மேலே பார்த்தபடி நிற்கிறேன்.