சுவரில் தொங்கிய அனுபவக் கடிதம்

பிள்ளை,

ஆண்டவர் அறிய, மடுமாதா அறிய, அரசாங்கக் கச்சேரி வாசலில் படுத்திருக்கும் பதினொரு கழுதைகளும் அறிய, ஒருவரும் நம்பமாட்டாத கதையொன்றை எழுதுவேன் என்று சத்தியம் செய்து இந்த மடலைத் தொடங்குகிறேன். நீ நம்பவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இருந்த காலத்திலேயே உன் மாமனின் கதையை நீ நம்பியதில்லை.

இன்று காலை சோளகக் காற்று எழும்பிவிட்டது. மன்னார்ச் சோளகத்தைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. போன வருடம் அது நான் மனு எழுதும் மேசையிலிருந்து தூக்கிய காணி விண்ணப்பம் ஒன்று பூநகரியில் போய் இறங்கியது. அதை எடுத்தவனுக்கு அங்கே அரை ஏக்கர் கிடைத்துவிட்டதாகக் கேள்வி. ஆகவேதான் காகிதக் கட்டின்மேல் அந்த இரும்புத் துண்டை வைத்திருக்கிறேன். உள்ளங்கை அளவுத் தகடு. நடுவில் மீன்செதில் அடுக்கியதுபோல ஒரு ஒட்டு. அதை எடுத்து வைக்கக் கை நீட்டும்போது முன்னால் ஒரு பிள்ளை வந்து நின்றாள். கையில் பயிற்சி நிலையத்துப் புத்தகம், நீல மட்டை.

"ஐயா, வெல்டிங் படிச்சனான். பட்டறைக்குக் குடுக்க அனுபவக் கடிதம் ஒண்டு எழுதித் தருவீங்களோ?"

பெயரைக்கூடக் கேட்கவில்லை. பின்னேரம் வரச் சொன்னேன். அவள் போனதும் புதுத் தாள் ஒன்றை எடுத்தேன். அதில் உனக்கு எழுதுகிறேன்.

சண்டை முடிந்து முகாமிலிருந்து என் அக்காவும் அவள் மகளான நீயும் இரண்டு பைகளோடு என் வீட்டுக்கு வந்தபோது உனக்கு இருபத்திரண்டு வயது. உன் அப்பா வரவில்லை. அதைப் பற்றி அக்காவிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த கிழமையே அவள் மீனுக்கு உப்புப் போட்டுக் காயவைக்கும் கருவாட்டு வாடிக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். உப்புத் தண்ணீரில் அவள் விரல்கள் வெடித்து, சோறு பிசையும்போது எரிவதை நீ பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு நாள் வந்து, வெல்டிங் வகுப்பில் பேர் பதிந்துவிட்டேன் என்றாய். பத்தொன்பது பெடியங்களுக்கு நடுவில் நீ ஒருத்தி. சான்றிதழ் கையில் வந்ததும் வீட்டு முற்றத்தில் கொட்டில் போட்டு, சொந்தமாகக் கேற்றும் ஜன்னல் கம்பியும் செய்வது, அம்மாவை வாடியிலிருந்து நிற்பாட்டுவது. இதுதான் உன் கணக்கு. இதற்குமேல் நீ எதுவும் கேட்கவில்லை.

நான் சும்மா இருப்பேனா? உன் தீப்பொறி வெளிச்சத்தைக் கண்டு தலைமன்னார் வெளிச்சவீட்டுக்காரன் விளக்கை நூத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டான் என்று ஊரெல்லாம் சொன்னேன். நீ முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு, "மாமா, உங்கட வாயிலதான் முதல் ஒட்டு வைக்கவேணும். ரெண்டு வெல்டிங் குச்சி செலவாகும்" என்றாய். அக்கா அந்த வருடத்தில் முதல்முறையாகச் சிரித்தாள்.

வகுப்பு முடிந்தது. இனி ஆறு மாதம் ஒரு பட்டறையில் தொழில் பழகவேண்டும். மாதா மாதம் பட்டறைக்காரர் அந்த நீல மட்டைப் புத்தகத்தில் கையொப்பமிடவேண்டும். ஆறு கையொப்பமும் இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை. நாலு பட்டறைகளில் ஏறி இறங்கினாய். ஒருவர், பொம்பிளைப்பிள்ளையைக் கூரையில் ஏற்றமாட்டேன் என்றார். இன்னொருவர், "கண் கெட்டுப்போனா உன்னை ஆர் கலியாணம் முடிப்பான்?" என்று கவலைப்பட்டார். அவருடைய கவலைக்கு நீ நன்றி சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னாய்.

மிஞ்சியது கடற்கரை வீதிப் பட்டறை. பாஸ் என்று எல்லோரும் கூப்பிடும் பட்டறைக்காரர் நல்ல மனிதர். ஆனால் படகு வேலைதான் அங்கே அதிகம். றோலர் என்ற இழுவைப் படகுகளில் டீசல் நிரப்பும் எண்ணெய்த் தாங்கிகள் ஓட்டை விழுந்து அவரிடம்தான் வரும். அதனால் நான் பேனையை எடுத்தேன். முப்பது வருடமாகக் கச்சேரி வாசலில் இருந்து, செத்தவனுக்கும் பங்கீட்டு அட்டை வாங்கிக் கொடுத்த பேனை.

'இவர் ஒரே குச்சியில் மன்னார்ப் பாலத்தை ஒட்டக்கூடியவர்' என்று தொடங்கினேன். 'இவர் ஒட்டும்போது சூரியன் கண் கூசி மேகத்துக்குள் போகும்' என்றும் எழுதினேன். இடையில், மிகவும் சாதாரணமான எழுத்தில், ஒரு வரி: 'தந்தையாருடன் வன்னியில் எண்ணெய்த் தாங்கிகள் ஒட்டிப் பழகியவர்.' உன் அப்பா உழவு இயந்திரம் ஓட்டியவர். வெல்டிங் குச்சியைத் தொட்டே பார்த்ததில்லை. தாளின் அடியில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. வெறுமையாக விடக் கூடாதென்று, 'இவர் ஒட்டியது விடாது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

நீ வாசித்தாய். "மாமா, தாங்கி எண்டதை வெட்டுங்கோ."

"அதை வெட்டினா என்ன மிஞ்சும்? பாலமும் சூரியனும்தான் மிஞ்சும்."

"பாலத்தை ஒருத்தரும் நம்பமாட்டினம், மாமா. இதை நம்புவினம்."

நீ சொன்னதுதான் சரி. பெரிய பொய்யைக் கேட்டவன் சிரித்துவிட்டுப் போவான். அளவாகச் சொன்ன பொய்தான் ஒருவனிடம் தங்கும். முப்பது வருடம் பொய் எழுதியவனுக்கு அது தெரியவில்லை; வரியை வெட்டாமலே கொடுத்தேன்.

பாஸ் கடிதத்தை வாசித்து வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு உன்னை எடுத்தார். வந்து போகிறவர்களும் சிரிக்கட்டும் என்று கடிதத்துக்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார். ஒரு மாதம் எல்லோரும் சிரித்தார்கள். உன் கேற்றுகளும் படகுக் கம்பிகளும் வெளியே போகத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. 'அந்தக் கடிதப் பிள்ளை' என்று பேர் வந்தது. ஐந்து கையொப்பம் சேர்ந்தது. தாங்கி வேலையைப் பாஸ் தானே செய்தார். உன்னை அருகே கூப்பிடவில்லை. "பழகின பிள்ளைக்கு நான் என்னத்தைக் காட்டுறது?" என்பாராம். நீ தூரத்தில் நின்று பார்த்தாய். தெரியும் என்று எழுதிக் கொடுத்த ஒன்றை எப்படிக் கேட்பது? ஒருநாள் சாப்பிடும்போது இதைச் சொன்னாய். நான் ஏதோ பகிடி விட்டேன். என்ன பகிடி என்று எவ்வளவு யோசித்தும் இப்போது நினைவில்லை.

ஆவணித் திருநாளுக்குப் பாஸ் குடும்பத்தோடு மடுமாதா கோயிலுக்குப் போனார். உன் ஆறாவது மாதம் முடிய மூன்று கிழமை இருந்தது. காலை பத்து மணி. என் முன்னால் இரண்டு பேர் மனு எழுத இருந்தார்கள். போன் அடித்தது.

"மாமா, பேசாலையில இருந்து ஒருத்தர் தாங்கி கொண்டு வந்திருக்கிறார். பாஸ் வரட்டும் எண்டன். 'அந்தா சுவரில எழுதிக் கிடக்குது, தங்கச்சி. பிறகென்ன? படகு கரையில கிடக்குது' எண்டு நிக்கிறார்." உன் குரல் தாழ்ந்தது. "எனக்குத் தெரியாது எண்டு சொல்லட்டோ?"

முன்னால் இருந்த இரண்டு பேருக்கும் கேட்கவேண்டுமென்று நான் சத்தமாகவே பேசினேன். "தெரியாது எண்டு சொன்னா கடிதம் பொய்யாப் போகும். பாஸ் கடைசிக் கையொப்பம் போடுவாரோ? வகுப்பில என்ன படிப்பிச்சவை?"

"தண்ணி நிரப்பிப்போட்டு ஒட்டவேணும். உள்ளுக்கு எண்ணெய் ஆவி நிக்கக் கூடாது."

"அப்ப நிரப்பு! கடலே பக்கத்திலதானே கிடக்குது!"

அந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். நீயும் மெல்லச் சிரித்தாய். "சரி மாமா, போனை வைக்கிறன்" என்றாய்.

அரை மணித்தியாலம் கழித்துச் சத்தம் கேட்டது. கழுதைகள் எழும்பி நின்றன. யாரோ லொறி ரயர் வெடித்தது என்றார்கள். நானும் எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்தேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாய். முகமூடி போட்டிருந்தபடியால் கண் தப்பியது. அந்தக் கண்ணால் என்னைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, "மாமா, தண்ணி நிரப்பினனான். நிரம்பத்தான் நிரப்பினனான்" என்றாய். நீ எதையோ மறந்துவிட்டதாக நினைத்தாய். "ஓம் பிள்ளை" என்றேன். போனில் நான் சொன்னது அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. அவள் இன்னும் வாடிக்குத்தான் போகிறாள்.

உன் எட்டாம் நாள் பூசை முடிந்த அடுத்த நாள் பாஸ் வந்தார். கதிரையில் உட்காரவில்லை. அந்தத் தாங்கியின் வயிற்றுக்குள் இன்னொரு வயிறு இருந்ததென்றார். படகு ஆடும்போது எண்ணெய் அலையாமல் இருக்க உள்ளே தகடு வைத்து மறித்திருப்பார்களாம். அதன் மூலையில் ஆவி நிற்கும். மேலால் ஊற்றும் தண்ணீர் அங்கே போகாது. "சுத்தியலால தட்டிச் சத்தம் கேட்டா விளங்கும், ஐயா. புத்தகத்தில இல்லை. பக்கத்தில நிண்டு பார்க்கவேணும். நான் காட்டியிருப்பன். பிள்ளைக்குத் தெரியுமெண்டெல்லோ நினைச்சன்."

ஆறு மாதம் எதற்கு என்று நான் எத்தனை தரம் கேலி செய்திருக்கிறேன்! அந்த ஒரு தட்டலுக்குத்தான்.

இந்த இடத்தில் எழுத்தை நிறுத்தவேண்டி வந்தது. காலையில் வந்த பிள்ளை திரும்பி வந்துவிட்டாள். அவளுடைய கடிதத்தை அவள் முன்னாலேயே எழுதினேன். மூன்று வரி. 'இவருக்குக் கேற், கம்பி வேலை தெரியும். எண்ணெய்த் தாங்கி வேலை தெரியாது. தயவுசெய்து பக்கத்தில் நிறுத்திக் காட்டிக் கொடுக்கவும்.'

வாசித்துவிட்டு முகம் சுருங்கினாள். "ஐயா, நீங்கள் பெரிய புளுகர் எண்டுதானே என்னை இஞ்ச அனுப்பினவை. இதைக் கொண்டுபோனா ஆர் என்னை எடுப்பினம்?"

"நாளைக்கு நானும் வாறன், பிள்ளை. ஏன் இப்பிடி எழுதினதெண்டு கேட்டா நானே சொல்லுறன்."

"என்னத்தைச் சொல்லுவீங்கள்?"

இரும்புத் துண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் தொழில் படித்தவள். ஒட்டின்மேல் பெருவிரலை ஓட்டிப் பார்த்தாள். "ஆர் ஒட்டினது? இவ்வளவு நேரா வந்திருக்குது" என்றாள்.

உன் எட்டு முடிந்து வந்த அன்று பாஸ் சுவரிலிருந்து கழற்றிய கடிதத்தோடு அந்தத் துண்டையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். தாங்கி நாலு பக்கமும் கிழிந்து விரிந்துவிட்டதாம். பழைய மூட்டெல்லாம் பிரிந்துவிட்டதாம். நீ ஒட்டி முடித்த அந்த விரல் நீளம் மட்டும் அப்படியே இருந்ததாம். அதைச் சுற்றி வெட்டி எடுத்து வந்திருந்தார். "கடைசி வரியை வாசிச்சுப் பாருங்கோ, ஐயா" என்றார். வாசித்தேன்: 'இவர் ஒட்டியது விடாது.'

நாளை அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அந்தப் பிள்ளையோடு பட்டறைக்குப் போவேன். மேசையில் இருக்கும் காகிதங்கள் பறந்தால் பறக்கட்டும். அங்கே சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு, வரும் வழியில் வாடிக்குப் போய் அக்காவிடமும் சொல்லவேண்டும்.

பாலம் பொய், பிள்ளை. சூரியன் பொய். வன்னியில் ஒட்டிய தாங்கி, பொய்யிலும் பொய். இடம் மிஞ்சியதற்காக எழுதிய அந்தச் சின்ன வரி மட்டும் மெய்.