மில் வாசலில் நிற்கும் வண்டி

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் சுகமா? உன் முதுகுவலி தேவலையா? எனக்கொரு குறையுமில்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

போன வாரம் ஒரு பெரியவர், காய்ச்சலில் இறந்துபோன மகனின் பழைய பைக்கைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். தினமும் அவர் வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு கிளம்பினால், மகன் வேலை பார்த்த மில் வாசலுக்கு வந்ததும் வண்டி நின்றுவிடுகிறதாம். "அவன்தாண்டா நிறுத்துறான்" என்று பக்கத்து மெக்கானிக் என் காதில் கிசுகிசுத்தான்.

கார்புரேட்டரைக் கழற்றி பெட்ரோல் வரும் ஜெட் துளையை ஊதினேன், பெட்ரோல் குழாயையும் மாற்றினேன். பெரியவர் வீட்டிலிருந்து ஓட்டிப் பார்த்தால் அதே வாசலில் நின்றது. டேங்க் மூடியைத் திறந்தேன். யாரோ மூச்சை இழுத்தது போல 'உஸ்' என்றது. உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது. மழைத்தண்ணீர் இறங்காமலிருக்க, மூடியின் காற்றுத் துளையை மகன் சோப்பால் அடைத்திருக்கிறான். டேங்குக்குள் காற்று போகாவிட்டால் கொஞ்ச தூரத்தில் பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். அவனுக்கு மில்லோடு பயணம் முடிந்துவிடுவதால் தெரியவேயில்லை. சோப்பைச் சுரண்டிக் கொடுத்தேன்.

மறுநாளே பெரியவர் வந்துவிட்டார். "நிக்காம போயிடுச்சு தம்பி. அவனை அங்கயே விட்டுட்டு வந்த மாதிரி இருக்கு. பழையபடி அடைச்சுக் குடுத்துடு."

அடைத்துக் கொடுத்தேன். முதலாளிக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் இரண்டு பனியன் கொடுத்தனுப்பு. என் பைக்கை வாரம் ஒரு தரம் உன் தம்பியை ஸ்டார்ட் செய்யச் சொல். முதலாளி கூப்பிடுகிறார், முடிக்கிறேன். என் பைக் சத்தம் கேட்டால் பாப்பா இன்னும் வாசலுக்கு ஓடி வருகிறாளா? அதை மட்டும் எழுது.

பாப்பாவின் அப்பா