கரண்ட் வைத்த நாட்களில் கொடுத்த சாறு

சித்தூரில் இருக்கும் மகனுக்கு,

நீ நலமா என்று கேட்க இதை எழுதவில்லை. உன் மகள் தேஜஸ்வினி திருப்பதி லேபிலிருந்து நேற்று வந்தாள். அவள் அம்மாவுக்கு நாம் கொடுத்த அந்த மலைக்கொடி இலையைத்தான் இரண்டு வருடமாகச் சோதித்தாளாம். சாறு நன்றாகவே வேலை செய்கிறதாம். செல்லுக்குள் அறுந்துபோன டிஎன்ஏவை ஒட்டவைக்கிறதாம்.

"கேன்சர் செல்லையும் சேத்துத்தான் ஆயா ஒட்டுது. அம்மாவுக்கு ரேடியேசன் கரண்ட் வச்சி ஒடச்சதெல்லாம் மறுபடியும் ஒட்டிக்கினு இருந்திருக்கும். யாரு குட்த்தது?" என்றாள்.

என் மருமகளை நான்தான் கொன்றேன் என்று ஆறு வருடமாக ஊரெல்லாம் சொன்னாயே! சாறு கொடுக்கவேண்டாம் என்று டாக்டர் சொன்ன அன்றே நான் நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு கரண்ட் வைத்த இருபத்தெட்டு நாளும் நீயே மிக்சியில் அரைத்து, ஆஸ்பத்திரி வாசலில் அவள் வாயில் ஊற்றினாய். நான் தடுத்தபோது, "கெயவி, உனுக்கு இன்னா தெரியும்?" என்று தள்ளிவிட்டாய். அன்று நீ போட்டிருந்த சட்டையின் நிறம்கூட எனக்கு நினைவிருக்கிறது.

அவள் பிழைக்கவேண்டும் என்றுதான் ஊற்றினாய். அதனால்தான் இது உனக்கு ஆறாது.

தேஜஸ்வினியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்வரை அவள் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்