சில்வர் பெயின்ட் பூசிய ஆண்டெனா

மச்சான்,

சோறு பிசையக் கையை வைத்தால் சில்வர் பெயின்ட் வாடை. நகக்கண்ணில் ஒட்டியது போகவேயில்லை. செத்தும் எனக்குத் திட்டு வாங்கித் தருகிறாயே, நீயெல்லாம் ஒரு சிநேகிதனா?

மகள் ஆளில்லாத சின்ன விமானம் ஒன்று செய்திருக்கிறாள். தேயிலைச் சரிவுகளில் மண் எங்கே வெடித்திருக்கிறது என்று மேலேயிருந்து படம் பிடிக்குமாம். வழி தப்பாமல் திரும்பிவர அதற்கு ஜி.பி.எஸ். ஆண்டெனா வேண்டும். மேசையில் இரண்டு இருந்தன. ஒன்று பிஸ்கட் மாதிரித் தட்டை, மற்றது மூடி போட்டு விரலளவு உயரம். எதைப் பொருத்தலாம் என்று என்னிடம் கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

“உசரமானதப் போடும்மா. மாமாவும் நானும் எத்தன லயத்து வீட்டுக் கூரையில டிவி ஆண்டெனா ஏத்துனவங்க!”

“உசரத்துக்காக இல்லப்பா. விமானம் சாஞ்சு திரும்புறப்ப தட்டையானதுக்குப் பாதி வானம் மறைஞ்சிரும். இதுக்கு அவ்வளவா மறையாது.”

எப்படியோ நான் சொன்னதுதான் ஜெயித்தது. அந்தத் தெம்பில், அவள் டிக்கோயா டவுனுக்குப் போன நேரம் பார்த்து, “பூசாம ஏத்துனா ஒரு மழைக்குத் தாங்காதுடா” என்ற உன் பேச்சு ஞாபகம் வந்து தொலைத்தது. சில்வர் பெயின்ட் இரண்டு பூச்சு, மூடி பளபளவென்று.

மறுநாள் மைதானத்தில் கெம்பஸில் படிப்பிக்கும் சேர்மார் வந்து காத்து நிற்கிறார்கள். அவர்களுடைய மண்சரிவு ஆய்வுக்கு அவளை எடுப்பதும் விடுவதும் இந்த ஓட்டத்தில்தான். ஆண்டெனாவுக்கு ஒரு செட்டலைட்கூடக் கிடைக்கவில்லை. அவள் குனிந்து பார்த்தாள்.

“யாருப்பா இதுக்குப் பூசினது?”

கையைப் பின்னால் மறைத்தேன்.

“அலுமினியத் தூளுப்பா இது! தகரத்தப் போட்டு மூடுன மாதிரி!”

“மழைக்கு…”

“மழைக்குத்தானே அந்த மூடியே இருக்கு!”

எதற்குப் பூசலாம், எதற்குப் பூசக் கூடாது என்ற வித்தியாசம் நமக்கு ஏது? கம்பத்தோடு ஏணிக்கும் பூசிவிட்டு, இறங்க வழியில்லாமல், காயும்வரை லயத்துக் கூரையில் உட்கார்ந்திருந்தவர்கள்தானே நாம்.

அவள் தட்டை ஆண்டெனாவை மாற்றிப் பொருத்தினாள். அதிகம் சாயாதபடி அகல வட்டமாகத் திரும்பச் சொல்லி அனுப்பினாள். விமானம் சரிவைத் தாண்டிப் பனிமூட்டத்துக்குள் போனது. சத்தமும் நின்றது. உன்னை அப்போது என்னென்ன திட்டினேன் என்று எழுத முடியாது. பிறகு சத்தம் கேட்டது. விமானம் வந்து புல்லில் இறங்கியது. மூத்த சேர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“மிச்ச பெயின்டக் கொட்டிருங்கப்பா.”

சரி என்றேன். கொட்ட மனம் வரவில்லை. இன்று காலை உன் கல்லறைக் கம்பிகளுக்குப் பூசினேன், இரண்டு பூச்சு. ஏணி தேவைப்படவில்லை. இருந்தாலும், காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.