வேம்புலி எடுத்துக் காட்டிய மருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

அகிலா எழுதுவது. நான் சுகம். உங்கள் இளைப்பு எப்படி இருக்கிறது? மாடி ஏற முடிகிறதா? போனில் கேட்டால் "சரி, சரி" என்று வைத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

அயனம்பாக்கம் கிளினிக்கில் நுரையீரல் நோயாளிகளுக்கான சனிக்கிழமை வகுப்பை இப்போது நான்தான் நடத்துகிறேன். "மருந்து எடுத்தீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதனால் "எடுத்துக் காட்டுங்கள்" என்பேன். போன வாரம் வேம்புலி என்கிற ஃபவுண்டரித் தொழிலாளி, கருவியில் போட்டு உறிஞ்ச வேண்டிய கேப்சூலை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"இன்னாம்மா முறைக்கிற? ரெண்டு மாசமா இப்டித்தான் முழுங்கிகினு கீறேன். அந்த பிளாஸ்டிக்கு எதுக்குன்னு தெரில, பீரோல கீது" என்றார்.

வகுப்பே சிரித்தது. வகுப்பில் இருந்த கருவியில் பத்து நிமிடத்தில் சரியாகக் கற்றுக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரையும் திருத்த ஆரம்பித்துவிட்டார்!

அறைக்கு வந்து ஒருத்திக்கு மட்டும் அரிசி களையும்போதுதான் நினைவு வந்தது. பொங்கலுக்கு வந்தபோது உங்கள் கேப்சூல் டப்பா பாதி காலி. கருவியோ உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. புதிதாக வாங்கியது என்று நினைத்துவிட்டேன். ஊரையே எடுத்துக் காட்டச் சொல்பவள், உங்களிடம் மட்டும் "எடுத்தீர்களா?" என்றுதான் கேட்டிருக்கிறேன்.

பயம் வேண்டாம், உறிஞ்சும் முறையை ஒரே நாளில் கற்றுக்கொண்டுவிடலாம். ஞாயிறு காலை வீடியோ காலில் வருகிறேன். அம்மாவைப் பருப்புப்பொடி அனுப்பச் சொல்லுங்கள், நிறையவே. பஸ் ஸ்டாப்பில் நின்றுதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

ஞாயிறு அன்று கருவியின் உறையைப் பிரித்து வையுங்கள். தண்ணீர் கடைசியில் வாய் கொப்பளிக்க மட்டும்தான், அதுவரை டம்ளர் அம்மா கையில் இருக்கட்டும்.

உங்கள் மகள்,
அகிலா